பசங்களிடம் "ஆண்மை என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள்

ஆண்மை பற்றி இளைஞர்களிடம் ஆய்வு செய்யப் போகிறவர்களின் வினாப்பட்டியல் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. தயவுசெய்து வேண்டாம். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு ஆண்மைக்குறைவு விளம்பரம்தான் நினைவுக்கு வரும். சிரிப்பார்கள், இல்லாவிட்டால் மேடைப்பேச்சு பேசுவார்கள். "'நீயெல்லாம் ஒரு ஆம்பளையா'ன்னு யாராவது சொல்லி கடைசியா எப்போ கேட்டீங்க? என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும்.

குழு உரையாடலுக்கு 6 முதல் 8 பேர் போதும். அங்கே தெரிவது, நண்பர்கள் முன்னால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதுதான். அதை அவர்களுடைய வாழ்க்கை என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள், அதுதான் கோளாறு. குழுவில் "உங்க வயசுப் பசங்க" என்று பொதுவாகவே கேளுங்கள். அடித்தது, அடிவாங்கியது, அழுதது எல்லாம் தனி நேர்காணலுக்கு. குழுவில் ஒருவர் வாய்தவறிச் சொன்னால் மற்றவர்கள் வெளியே சொல்லாமலிருக்க நாம் உத்தரவாதம் தர முடியாது. ஒப்புதல் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

"வன்முறை செய்ததுண்டா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். அறைந்ததுண்டா, தள்ளியதுண்டா, போனைப் பிடுங்கியதுண்டா என்று செயல் செயலாகக் கேட்க வேண்டும். ஆசிய பசிபிக் பகுதியின் 6 நாடுகளில் சுமார் 10,000 ஆண்களிடம் நடத்தி ஐ.நா. அமைப்புகள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வல்லுறவு என்ற சொல்லே கேள்வியில் இல்லை. மிகக் கூச்சமான கேள்விகளை ஆள் கேட்கவில்லை, பெரும்பாலான இடங்களில் கருவியில் ஒலியாகக் கேட்டு அவர்களே விடையைத் தட்டினார்கள். ஓர் ஆணிடம் கேட்ட வீட்டில் பெண்ணிடமும் போய்க் கேட்கக்கூடாது. அவளிடம் என்ன கேட்டோம் என்று அவன் ஊகித்துவிட்டால், நாம் போன பிறகு மாட்டிக்கொள்பவள் அவள்தான்.

எல்லாவற்றையும்விட அதிகம் சறுக்குவது சிரிப்பில். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து போனதை ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். கூடச் சிரித்தால் "சரிதான்" என்று அர்த்தம். முகம் சுளித்தால் அதோடு வாய் மூடிவிடும். குரல் மாறாமல், "அப்போ அந்தப் பொண்ணு என்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது அந்தச் சிரிப்பையும் மௌனத்தையும் விடாமல் குறியுங்கள். 4 விநாடி மௌனத்துக்குப் பிறகு வரும் "ஒண்ணுமில்ல" வேறு, உடனே வரும் "ஒண்ணுமில்ல" வேறு.

முக்கியமானது பல நேரம் ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் வரும். அதைப் பயன்படுத்த அனுமதி தனியாகக் கேளுங்கள். "வேண்டாம்ணே" என்றால் குறிப்பேட்டில்கூட ஏறக்கூடாது.