டூயி எவ்வளவு கேட்கிறார்?

சரோஜா: சார், அந்தத் தண்ணீர் விஷயமாகத்தான்...

செயலாளர்: தெரியும்மா, தெரியும். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அதற்குத்தான் ஜான் டூயியைப் பிடித்திருக்கிறேன்.

சரோஜா: ஐயோ, புது பிளம்பரா? அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா?

செயலாளர்: பிளம்பர் இல்லையம்மா, அமெரிக்கத் தத்துவ அறிஞர். கொலம்பியாவில் அம்பேத்கருக்கே பாடம் எடுத்தவர். 1952இல் காலமாகிவிட்டார்.

சரோஜா: அப்படியானால் அட்வான்ஸ் திரும்பி வராது.

செயலாளர்: கேளுங்கள். செருப்பு எங்கே கடிக்கிறது என்று போட்டிருப்பவனுக்குத்தான் தெரியும், அதை எப்படிச் சரிசெய்வது என்று வேண்டுமானால் தைப்பவனுக்குத் தெரியலாம் என்று 1927லேயே எழுதியிருக்கிறார். அந்த வழியில்தான் துணைக்குழு போட்டிருக்கிறோம். தரைத்தளத்திலிருந்து இரண்டு பேர், முதல் மாடியிலிருந்து நான்.

சரோஜா: செருப்பே போடாதவர்கள்.

செயலாளர்: போன ஞாயிறு உட்கார்ந்து, தண்ணீர் 'வரவில்லை'யா 'குறைவாக வருகிறது'வா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். அப்புறம் நான் இன்னொரு அமெரிக்கத் தத்துவ அறிஞரான வில்லியம் ஜேம்ஸின் அணில் கதையைச் சொன்னேன். மரத்தை ஒருவன் சுற்றுகிறான், மரத்தில் இருக்கும் அணிலும் அவன் கண்ணில் படாமல் எப்போதும் மரத்தின் மறுபக்கத்துக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அவன் அணிலைச் சுற்றினானா இல்லையா?

சரோஜா: அவன் வீட்டில் தண்ணீர் வந்ததா?

செயலாளர்: 'சுற்றுவது' என்றால் நடைமுறையில் என்ன என்று ஜேம்ஸ் கேட்டதும் சண்டையே முடிந்துவிட்டது!

சரோஜா: இங்கேயும் முடிந்துவிட்டது சார். வியாழக்கிழமையே தண்ணீர் வந்துவிட்டது. வாட்ச்மேன் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் எங்கள் லைன் வால்வைக் காட்டினார், துருப்பிடித்துப் பாதி மூடியே நின்றிருந்தது. புதிதாக மாற்றியதும் இரண்டாம் மாடி அக்காவுக்குக் குறைந்துவிட்டது. அவர் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கீழேயிருந்து "போதும், போதும்" என்று கத்த, வாட்ச்மேன் மேலே கொஞ்சம் திறக்க, கொஞ்சம் மூட, இப்போது இரண்டு வீட்டிலும் வாளி நிறைகிறது. பில் கொடுக்கத்தான் வந்தேன், 850 ரூபாய்.

செயலாளர்: சங்கத்தைக் கேட்காமல் வால்வில் கை வைத்தீர்களா? துணைக்குழு இன்னும் அறிக்கையே கொடுக்கவில்லையே! ஒரு பிரச்சினையை எல்லோரும் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும் என்பது டூயியின்...

சரோஜா: அவருக்கும் பில் உண்டா?

செயலாளர்: அம்மா!

சரோஜா: சரி, எல்லோரும் என்கிறீர்கள். எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று இந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் வாட்ச்மேன். அவருக்கு எந்தக் கூட்டத்திலாவது நாற்காலி போட்டிருக்கிறீர்களா?

செயலாளர்: அவர் உறுப்பினர் இல்லையே!