கத்திக் காட்டச் சொல்லாதீர்கள்

சின்ன பட்ஜெட்டில் திகில் படம் எடுக்கப்போகும் ஒரு குழு, நடிகர்கள் தேவை என்று பதிவு போட்டிருந்தது. தகுதி என்று ஒரே ஒரு வரி: "நன்றாகக் கத்தத் தெரிந்திருக்க வேண்டும்." படித்ததும் மனசு கேட்கவில்லை. என் முதல் குறும்படத்துக்கு நானும் அப்படித்தான் ஆள் எடுத்தேன்.

வந்த எல்லோரையும் கத்தச் சொன்னோம். யாருடைய குரலில் எங்களுக்கு உடம்பு சிலிர்த்ததோ, அவர்தான் நாயகி. இரண்டாம் நாள் மதியத்துக்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அலறும் காட்சிகளைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் முதலிலேயே வைத்தது எங்கள் தவறு. அதைவிடப் பெரிய அடி எடிட்டிங்கில் விழுந்தது. 11 அலறல்கள், எல்லாம் ஒரே மாதிரி. பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசைவது அலறலுக்கு முந்தைய சில நொடிகளில்தான். அந்த நொடிகளில் அவர் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. நடக்கும்படி நான் எழுதியிருக்கவும் இல்லை. ஸ்கிரிப்டில் "அவள் பயப்படுகிறாள்" என்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த நடிகர்தான் என்ன செய்ய முடியும்?

அடுத்த படத்துக்கு ஆடிஷனை மாற்றினேன். ஒரு கூடை நிறையத் துணி. வருபவர் அதை மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நான் சொல்வேன்: "பக்கத்து ரூம்லேர்ந்து அம்மா கூப்பிடுறாங்க. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆச்சு." பெரும்பாலானவர்கள் சட்டென்று திரும்பிக் கண்களை அகல விரித்தார்கள். ஒருவர் மட்டும் திரும்பவே இல்லை. மடிக்கும் வேகம் குறைந்தது. கையிலிருந்த துணியின் ஓரங்களைப் பொறுமையாகச் சேர்த்து, கூடையில் வைத்து, தாழ்ந்த குரலில் "வரேம்மா" என்றார். நாங்கள் நான்கு பேரும் கதவைப் பார்த்தோம்.

அன்றிரவே ஸ்கிரிப்டில் 2 பக்கங்களை எடுத்தேன். நாயகி வீடு முழுக்க ஓடிக் கதவு கதவாகத் திறந்து பார்க்கும் காட்சி. நான் ரொம்ப ஆசைப்பட்டு எழுதியது. இப்போது அந்த இடத்தில் துணி மடிப்பதும் அந்த ஒரு சொல்லும்தான் இருக்கின்றன.

நடிகருக்காக ஸ்கிரிப்டைத் திருத்துவது சமரசம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜார்ஜ் ரொமீரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தில் பென் என்ற பாத்திரம் முதலில் முரட்டு லாரி ஓட்டுநராகத்தான் எழுதப்பட்டது. அந்த வேடத்துக்கு வந்த டுவேன் ஜோன்ஸ் நன்கு படித்தவர். வசனங்களைத் தன் நிதானமான பேச்சுக்கு ஏற்ப அவரே மாற்றிக்கொண்டார். அந்த நிதானம்தான் இன்றைக்கும் படத்தைத் தாங்கி நிற்கிறது.

'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) ஆடிஷனில், உள்ளே வருபவரைச் சிறைக் கைதியாகப் பாவித்து, "உன்னை எதற்கு விடுதலை செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள். யோசித்துத் தடுமாறியவர்களை எடுக்கவில்லை. அந்தப் படத்துக்கு எழுதிய வசனம் கிடையாது. மூன்று நடிகர்கள் 8 நாட்கள் தாங்களே கேமரா பிடித்துக் காட்டில் திரிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்புச் சீட்டு. ஒருவர் சீட்டில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அதனால் மற்றவர் பேசுவதை நிஜமாகவே காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும். படத்தின் உயிர் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

என் படத்தில் தம்பி வேடம் எனக்கு. எழுதியவனே நடிப்பதில் இருக்கும் சிக்கல் அப்போதுதான் புரிந்தது. கதவு எந்த நொடியில் தட்டப்படும் என்று எனக்குத் தெரியும். 6 டேக் போனது. ஒவ்வொன்றிலும் சத்தம் வருவதற்கு முன்பே என் தோள் இறுகிவிட்டது. மானிட்டரில் அப்பட்டமாகத் தெரிந்தது. இயக்குநர் பக்கத்தில் வந்து சொன்னார்: "நீ கதவைக் கேக்கல. ஸ்கிரிப்டைக் கேக்குற." பிறகு கையில் ஊசியும் நூலும் கொடுத்து, கோக்கச் சொன்னார். தட்டும் நேரத்தை டேக்குக்கு டேக் மாற்றினார். 8-ஆவது டேக்கில் நூல் முனை ஊசிக் காதுக்குள் நுழையும் நேரத்தில் தட்டல் வந்தது. கை அசையவில்லை, மூச்சு மட்டும் நின்றது. படத்தில் இருப்பது அந்த டேக்தான்.

தட்டல் வரும் என்று எனக்குத் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. இந்த எல்லை முக்கியம். சொல்லாமல் கொள்ளாமல் நடிகரை மிரள வைத்து எடுத்துவிட்டு, அதை யதார்த்தம் என்று பெருமைப்படுவதை என்னால் ஏற்க முடியாது. ஒருமுறை அப்படி மிரண்டவர் அடுத்த டேக்கில் நம்மை நம்ப மாட்டார். இரவில் கூடாரத்தைச் சுற்றிச் சத்தம் எழுப்பிய பிளேர் விட்ச் குழுவில்கூட, பாத்திரத்தை விட்டு வெளியே வர 'டாக்கோ' என்று ஒரு சொல் பேசி வைத்திருந்தார்கள். நம் செட்டிலும் அப்படி ஒரு சொல் வேண்டும். மூச்சு வாங்கி நடிப்பவர்களை டேக்குக்கு நடுவே உட்காரவிடுங்கள். வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். பாதிப் பேர் அதை வெளியே சொல்வதில்லை.

ஒப்பந்தம் கேமரா ஓடுவதற்கு முன்பே கையெழுத்தாகிவிட வேண்டும். பிளேர் விட்ச் உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 25 கோடி டாலர் வசூலித்தது. அதில் நடித்த மூவரும் தங்களுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்று 2024-இல்கூடப் பொதுவில் கேட்க வேண்டியிருந்தது. படம் ஓடாது என்று நினைத்து எதையும் எழுதி வைக்காமல் விடாதீர்கள்.

அந்தப் பதிவு போட்ட குழுவிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். வருபவர் கையில் ஏதாவது வேலை கொடுத்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பதாகச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் எழுதாத ஒன்றை அவர் செய்துவிட்டால், அன்றைக்கே ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.