மோலியேர் மேடையிலேயே இறந்தாரா?

பிரெஞ்சு நகைச்சுவை நாடக மேதை மோலியேர் நோயாளி வேடத்தில் மேடையிலேயே உயிரை விட்டார், கூட்டம் அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டியது என்றொரு பதிவு சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

1673 பிப்ரவரி 17, பாரிஸ். 'கற்பனை நோயாளி' நாடகம் நான்காவது முறையாக மேடையேறுகிறது. அவருக்கு நோயாளி வேடம்கூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லாமலே வீட்டையே படுத்தி எடுப்பவன் வேடம். கடைசிக் காட்சியில், மருத்துவர் பட்டம் ஏற்று உறுதிமொழி சொல்லும்போது உடல் வெட்டி இழுத்தது. சட்டென்று ஒரு சிரிப்பை வரவழைத்து மறைத்துவிட்டு, நாடகத்தை முடித்தும் கொடுத்தார். அப்புறம் ரிஷ்லியூ தெரு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். இருமலில் ரத்தம் கொட்டியது. அன்றிரவே அங்கே இறந்தார்.

நடிகர் என்பதால் தேவாலயம் அடக்கத்துக்கு மறுத்தது. மனைவி மன்னர் 14-ஆம் லூயியிடம் முறையிட்ட பிறகே, அதுவும் இரவில், அடக்கம் நடந்தது.