போவதா, இருப்பதா

ஜெர்மனியில் என் கணவருக்குக் கிடைத்திருக்கும் மென்பொருள் வேலைக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஐயனின் (என் அப்பாவின்) தோட்டத்துச் சாளை வீட்டில் மூன்று இரவுகளாக இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். சம்பளம் பெரிய காரணம் அன்று. அரசை விமர்சித்து எழுதினால் வழக்கு வரும், வழக்கு வந்தால் ஜாமீன் வராது என்று அஞ்ச வேண்டிய நாட்டில் ஒன்பது வயது மகனை வளர்க்கலாமா என்பதுதான் கேள்வி. கைநடுக்க நோயோடு சிறையில் இருந்த, பழங்குடியினர் உரிமைக்காகப் பாடுபட்ட பாதிரியாரும் திருச்சிப் பக்கத்துக்காரருமான ஸ்டேன் சுவாமி, உறிஞ்சுகுழல் வைத்த ஒரு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணை தொடங்காமலே, ஜாமீனும் கிடைக்காமலே, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் அவர் இறந்தார். அந்தக் குவளை என் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஐயன் 1975 ஜூனில் தொடங்கிய நெருக்கடி நிலையைக் கண்டவர். 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு, எங்கள் ஊர் டீக்கடையில் பத்திரிகையை உரக்கப் படித்துக்காட்டுகிறவர் தலைப்பை மட்டும் முணுமுணுத்துவிட்டு மடித்துவைத்துவிடுவாராம். ஆனாலும் 21 மாதங்களில், 1977 மார்ச்சில், மக்களின் வாக்கு அதற்கு முடிவு கட்டியது. "அதுவே போயிருச்சு அம்மணி, இதும் போயிரும்" என்கிறார்.

போய்விடும் என்று நம்பித்தான் ஜெர்மனியின் யூதர்களும் இருந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் சுமார் ஐந்து லட்சம் பேர். 1937 முடியும்போது அவர்களில் கால்வாசிப் பேர்தாம் வெளியேறியிருந்தார்கள். கடை, வீடு, வயதான பெற்றோர், முதல் உலகப்போரில் அந்த நாட்டுக்காகப் போரிட்டு வாங்கிய பதக்கம், வெளியேறினால் சொத்தில் கால் பங்கை விழுங்கும் வரி என ஒவ்வொன்றும் காலைக் கட்டியது. 1938 ஜூலையில் யூத அகதிகளைப் பற்றிப் பேச பிரான்ஸின் எவியானில் கூடிய 32 நாடுகளில் அநேகமாக எதுவுமே கதவைத் திறக்கவில்லை. 1941 அக்டோபரில் வெளியேறுவதற்கே தடை வந்தது. நான் இன்று அடுக்கும் காரணங்களைத்தான் அவர்களும் அடுக்கியிருப்பார்கள் என்பது என்னைத் தூங்கவிடவில்லை.

நாம் வாழ்வது 1976ஆ, 1936ஆ என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், ஆள்பவர்கள் இன்னமும் தேர்தலில் தோற்க முடிகிறதா என்பதுதான். 2024இல் ஆளுங்கட்சி 240 இடங்களோடு தனிப்பெரும்பான்மையை இழந்தது. அந்த உயிர் இன்னும் இருக்கிறது. போய் அங்கேயே தங்கி அந்நியக் குடியுரிமை பெற்றால் நம் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையை வைத்துக்கொண்டு இங்கே வாக்களிக்கவும் முடியாது, ஒரு சென்ட் விவசாய நிலம் வாங்கவும் முடியாது. ஐயனுக்கு நிலம் உறுத்தியது, எனக்கு வாக்கு.

வழக்கோடு அலையும் ஒரு பத்திரிகையாளர் இன்றிரவே விமானம் ஏறினால் அவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. என் நிலைமை வேறு. கொங்கு நாட்டில் என் சாதியும் நிலமும், நான் கேட்காமலே எனக்குக் காவல் நிற்கின்றன. உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களுக்கு எந்த நிறுவனமும் வேலைக் கடிதம் அனுப்புவதில்லை. அவர்களுக்கு முன்னால் நான் கிளம்புவதை என் மனம் ஏற்கவில்லை.

வேலை வேண்டாம் என்று நேற்று என் கணவர் எழுதிவிட்டார். சிறுவர்களின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். மகனுடையது தையில் முடிகிறது. அதைப் புதுப்பிக்க அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறோம்.