படம் கிடைத்தது, படிக்க ஆள் வேண்டாமா?

செயற்கைக்கோள் படங்களை இலவசமாகக் கொடுத்தால் வெப்பமண்டல நாடுகள் தங்கள் காடுகளைத் தாங்களே கண்காணித்துக்கொள்ளும் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2008-ல் அமெரிக்கா தன் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களை இலவசமாக்கியது பெரிய திருப்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரேசில் அதற்கு வெகு முன்பே, 1988 முதல், தன் விண்வெளி ஆய்வு நிறுவனம் மூலம் அமேசானில் காடு அழிவதை ஆண்டுதோறும் அளந்து வந்தது. சொந்த ஆட்கள், சொந்தக் கணக்கு. அதனால்தான் 2004-ல் டீட்டர் என்ற உடனடி எச்சரிக்கை முறையையும் அவர்களே தொடங்க முடிந்தது.

மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ படுகை மழைக்காடுகளில் நிலைமை வேறு. பல இடங்களில் மேகம் விலகுவதே அரிது. சாதாரணப் படத்தில் வெள்ளைத் திட்டுகள்தான் தெரியும். மேகத்தை ஊடுருவ, ரேடியோ அலைகளை அனுப்பிப் படமெடுக்கும் ரேடார் வேண்டும். ஜப்பானின் ஆலோஸ் வரிசைச் செயற்கைக்கோள்களும் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள்களும் அதைத் தருகின்றன. ஆனால் ரேடார் படத்தைப் படிப்பது எளிதல்ல. மழையில் நனைந்த காடு எது, மரம் வெட்டிய இடம் எது என்று பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. சில நாள் பயிலரங்கில் அந்தப் பழக்கம் வராது. மழைக்காடுகளுக்கு நிதி தரும் நார்வே போன்ற நாடுகள், உள்ளூர் ஆய்வாளர்களின் பல ஆண்டுச் சம்பளத்துக்கென்றே ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.