கரண்ட் பில்லும் டீசல் பில்லும் மட்டும் போதாதுங்க

"கரண்ட் பில், டீசல் பில் ரெண்டையும் சாப்ட்வேர்ல ஏத்துனா கம்பெனியோட மொத்த கார்பன் கணக்கும் வந்துரும், சொந்தக் காத்தாலை இருந்தா கரண்ட்டுக்கு பூஜ்யம்"னு மேல அண்ணன் ஒருத்தர் போட்டிருக்காருங்க. ரெண்டுமே சரியில்லை.

மொதல்ல சாப்ட்வேர்ல எந்த நாட்டு உமிழ்வுக் காரணி (ஒரு யூனிட் கரண்ட்டுக்கு எத்தனை கிலோ கார்பன்ங்குற கணக்கு) இருக்குன்னு பாருங்க. பிரிட்டன் காரணி யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.2 கிலோ. நம்ம மத்திய மின்சார ஆணையத்தோடது 0.7 கிலோவுக்கு மேல. மாத்தாம விட்டா, 1 லட்சம் யூனிட்டுக்கு 70 டன் வர வேண்டிய இடத்துல 20 டன்னுதான் காட்டும்.

காத்தாலை விஷயத்துல, ஜிஹெச்ஜி புரோட்டோகால்ங்குற உலகளாவிய கார்பன் கணக்கு விதிமுறையோட 2015 வழிகாட்டுதல் ரெண்டு கணக்கு கேக்குது. சந்தை அடிப்படைல, அதாவது நாம எந்தக் கரண்ட்டை எடுத்துக்கிட்டோம்னு பாக்குற கணக்குல, பூஜ்யம் போடலாம், ஆனா அந்த யூனிட்டுக்கான பசுமைச் சான்றிதழை (அது காத்தாலைக் கரண்ட்டுங்குறதுக்கான சான்று) வித்திருக்கக் கூடாது. இட அடிப்படைல, அதாவது கிரிட்டோட (பொது மின் கட்டமைப்போட) சராசரிக் காரணியை வெச்சுப் போடுற கணக்குல, கிரிட் வழியா வந்த மொத்த யூனிட்டும் ஏறணும். பில்லுல காத்தாலை யூனிட்டைக் கழிச்ச மிச்சத்தை மட்டும் போட்டா இந்தக் கணக்கு அப்படியே குறைஞ்சு போகும்.

விறகு பாய்லரும் பூஜ்யமில்லைங்க. கார்பன் டை ஆக்சைடைத் தனியாக் காட்டணும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1, அதாவது கம்பெனியே நேரா வெளியேத்துற உமிழ்வுல வரும்.

பனியன் கம்பெனிக்குப் பெரும்பங்கு ஸ்கோப் 3தான், அதாவது அடுத்தவங்க இடத்துல நமக்காக வர்ற உமிழ்வு: வாங்குற நூல், வெளிய குடுத்துப் போடுற சாயம். அதை ரூபாயில ஏத்தாதீங்க, கிலோவுல ஏத்துங்க. ரூபாயில ஏத்துனா நூல் விலை ஏறுன மாசம், ஒரு கிலோ கூட வாங்காமலே உமிழ்வு ஏறுன மாதிரி காட்டும்.