மாணவர்களுக்கு இராணுவப் பயிற்சி: விரும்பி வருகிறவர்களுக்கு முதலில் இடம் கொடுங்கள்

எல்லையில் பதற்றம் கூடும்போதெல்லாம் ஒரு கோரிக்கை தவறாமல் எழுகிறது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் அனைவருக்கும் இராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறார்கள். கார்கில் போரின்போது கேட்டோம், புல்வாமாவுக்குப் பிறகு கேட்டோம், 2025இல் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு இன்னும் உரத்துக் கேட்டோம். கேட்கிறவர்களில் என் நண்பர்கள் இருக்கிறார்கள், முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் இந்தக் கோரிக்கையை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். சீருடையின் மீது வெறுப்பு கொண்டவன் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். கல்லூரிக் காலம் முழுவதும் தேசிய மாணவர் படையில் இருந்தவன் நான்.

அந்தப் படை எனக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. விடியும் முன்பே எழுந்து பெல்ட்டின் பித்தளையைத் துலக்கியதும், மைதானத்தில் 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்ற இந்திக் கட்டளைக் குரலுக்கு நூறு பேரும் ஒரே உடம்பாக அசைந்ததும், முகாமில் வேறு ஊர், வேறு மொழி, வேறு சாதிப் பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் படுத்துறங்கியதும் என்னை மாற்றின. வரைபடம் பார்க்கக் கற்றேன். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்பதற்கு முன்னால், அதை எந்தப் பக்கம் திருப்பவே கூடாது என்று கற்றேன். ஆனால் எங்கள் அணியில் நின்ற ஒவ்வொருவரும் தேர்வுக்கு வந்து, ஓடிக் காட்டி, இடம் கிடைக்காதோ என்று பயந்து, கிடைத்ததும் துள்ளிக் குதித்தவர்கள். வெயிலில் மயங்கி விழுந்தவன்கூட மறு வாரம் முதல் ஆளாக வந்து நின்றதற்கு அதுதான் காரணம். பெயர்ப் பட்டியலில் இருப்பதால் மட்டும் வந்து நிற்கும் ஐநூறு பேரை அங்கே சேர்த்திருந்தால், பயிற்சியாளரின் காலை முழுவதும் வருகைப் பதிவிலேயே கழிந்திருக்கும்.

இது வெறும் ஊகமில்லை. நாம் ஏற்கெனவே செய்து பார்த்துக் கைவிட்ட காரியம் இது. விடுதலைக்கு முன்பே, 1946இல், எச்.என்.குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு மாணவர் படை பற்றி ஆராய்ந்தது. 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் இயற்றப்பட்டது. விரும்புகிறவர்கள் சேரலாம், சேர்ந்ததனாலேயே போர்முனைக்குப் போக வேண்டிய கடமை கிடையாது என்பது அதன் அடிப்படை. 1962இல் சீனாவுடனான போரில் நாடு பட்ட காயம் பெரிது. அந்த வேதனையில் 1963 முதல் கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1968இல், மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயமாக இருந்த காலத்தில் எண்ணிக்கை ஒரேயடியாகப் பெருத்தது. அதற்கேற்ற பயிற்சியாளர்களும் கருவிகளும் பெருகவில்லை, தரம் இறங்கியது. 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. துப்பாக்கி தூக்காமலும் நாட்டுக்கு உழைக்கலாம் என்ற வழி அப்போது திறந்தது. இன்று கட்டாயப் பயிற்சி கேட்கிறவர்களில் பலர் இந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்தப் பாடத்துக்கு நாடு ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது, அதை மறுபடியும் ஏன் கொடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் தேசிய மாணவர் படையின் இந்திக் கட்டளைச் சொற்களும் இடம்பெற்றன. அவை இங்கே வேண்டாம் என்று அந்தத் தீர்மானம் சொன்னது. விரும்பிச் சேர்ந்த எனக்கு அந்தச் சொற்கள் உறுத்தவில்லை. ஆனால் விருப்பமில்லாத பிள்ளையை மைதானத்தில் நிறுத்தி, அவனுக்குப் புரியாத மொழியில் ஆணையிட்டால், அவன் மனத்தில் அன்பு வளராது. இத்தனை மொழிகளும் இத்தனை நினைவுகளும் உள்ள நாட்டில், எல்லோருக்கும் ஒரே அச்சு என்று ஆணை பிறப்பிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்கும் இடிக்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படிப்பவர்கள் ஏறத்தாழ 4.33 கோடி பேர். நூறு மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்தாலும் நாலேகால் லட்சத்துக்கு மேல் பயிற்சியாளர்கள் வேண்டும். தரைப்படையின் மொத்தப் பலமே சுமார் 12 லட்சம். லடாக்கிலும் அருணாச்சலத்திலும் நிற்க வேண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைக் கல்லூரி மைதானங்களுக்கு அனுப்பலாமா? இராணுவத்துக்கு ஆள் கிடைக்காத நாடும் அல்ல இது. எந்த ஊரில் ஆள்சேர்ப்பு முகாம் நடந்தாலும் நள்ளிரவிலேயே இளைஞர்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். 2022இல், நான்கு ஆண்டுகளுக்குப் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது இளைஞர்கள் தெருவுக்கு வந்ததற்குக் காரணம், நான்கு ஆண்டுகள் முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும் என்பது. இன்னும் நீண்ட காலம் படையில் இருக்க விடுங்கள் என்று கேட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கா கட்டாயம் தேவை?

இஸ்ரேலைப் பார், தென்கொரியாவைப் பார், சிங்கப்பூரைப் பார் என்பது அடுத்த வாதம். மூன்றுமே மக்கள்தொகை குறைந்த நாடுகள். ஆபத்து வந்தால் குடிமக்களையே படையாக்க வேண்டிய நிலையில் இருப்பவை. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. பார்க்கத்தான் வேண்டும் என்றால் பிலிப்பைன்ஸையும் பாருங்கள். அங்கே கல்லூரி ஆண்களுக்கு இராணுவப் பயிற்சி நீண்ட காலம் கட்டாயமாக இருந்தது. 2001இல் மணிலாவின் பல்கலைக்கழகம் ஒன்றில், அந்தப் பயிற்சிப் பிரிவில் நடந்த ஊழலை வெளியே சொன்ன மாணவர் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டார். நாடே கொதித்தது. அதன் பிறகு வந்த சட்டம் இராணுவப் பயிற்சியை விருப்பத் தேர்வாக மாற்றியது. அது வேண்டாம் என்பவர்கள் எழுத்தறிவு கற்பிக்கலாம் அல்லது சமூக நலப் பணி செய்யலாம். கட்டாயத்தின் பெயரால் ஓர் அதிகாரம் உருவானால், தேறினாய் என்று கையெழுத்திடும் உரிமை யாரோ ஒருவர் கைக்குப் போகிறது. அந்தக் கையெழுத்துக்கு விலை பேசுவதற்கும் அதிக நாளாகாது. ஓர் இளைஞனின் உயிரைக் கொடுத்து அந்த நாடு இதைக் கற்றது. எனக்கு இந்த விவாதத்தில் மற்ற எல்லா வாதங்களையும்விட இதுவே கனமாகத் தெரிகிறது.

இந்தப் பயிற்சியால் ஒழுக்கமும் உடல் உறுதியும் வருமே, அது வேண்டாமா என்று கேட்பீர்கள். நிச்சயம் வேண்டும். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு பாடவேளை இருக்கிறது. கால அட்டவணையில் 'உடற்கல்வி' என்று எழுதியிருக்கிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் அந்த வேளையைக் கணிதமும் இயற்பியலும் எடுத்துக்கொள்கின்றன. மைதானமே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாத பள்ளிகள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை ஓடவிட மனம் இல்லாத நாம், அவர்களை முகாமுக்கு அனுப்பி உரமேற்றப் போகிறோம் என்று சொல்வதை எப்படி ஏற்பது?

நாட்டுப்பற்றை எப்படிக் காட்டுவது என்பதற்கு நம் அரசியல் சாசனமே பதில் வைத்திருக்கிறது. 51ஏ பிரிவில் பதினொரு அடிப்படைக் கடமைகள் உள்ளன. அழைக்கும்போது நாட்டைக் காக்க முன்வருவது அவற்றில் ஒன்று. மதம், மொழி, வட்டாரம் கடந்த சகோதர உணர்வை வளர்ப்பது, பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது, ஆறுகளையும் காடுகளையும் காப்பது, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது, பொதுச்சொத்தைப் பாதுகாப்பது ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. துப்பாக்கி சுடத் தெரிந்தவன் பக்கத்துத் தெருவுக்காரனின் சாதியைக் கேட்டுத் தண்ணீர் கொடுத்தால், அவனிடம் நாட்டுப்பற்று இருப்பதாக என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

1986இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் மூன்று குழந்தைகள் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அந்த வெளியேற்றத்தை ரத்து செய்தது. எழுந்து நின்றதிலேயே மரியாதை இருக்கிறது, வாயைத் திறக்க வைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்ற தெளிவு அதில் இருந்தது. ஒரு பாட்டுக்கே இப்படி என்றால், மனம் ஒப்பாத பிள்ளையின் தோளில் துப்பாக்கியை ஏற்றும் முன் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

சரி, எல்லா மாணவர்களுக்கும் எதைத்தான் கற்பிக்கலாம்? 2025 மே 7 அன்று நாடு முழுவதும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகைக்கு உள்துறை அமைச்சகம் ஏற்பாடு செய்தது. சைரன் ஒலித்தால் என்ன செய்வது, விளக்கை எப்போது அணைப்பது, மக்களை எப்படி வெளியேற்றுவது, காயம்பட்டவரை எப்படித் தூக்குவது என்றுதான் அன்று பயிற்சி நடந்தது. போர் மூண்டால் பொதுமக்களிடம் நாடு எதிர்பார்ப்பது இவற்றைத்தான்.

போர் இல்லாத நாட்களிலும் இதே திறன்தான் தேவை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நாம் இதுவரை சந்தித்த போர்கள் எல்லாவற்றிலும் இழந்த வீரர்களைவிட, ஒரே ஆண்டில் சாலையில் இழந்தவர்கள் அதிகம். அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், ஆனால் இரத்தத்தை எப்படி நிறுத்துவது, கழுத்தை ஏன் அசைக்கக் கூடாது, நின்றுபோன இதயத்துக்கு மார்பை எங்கே அழுத்துவது என்று தெரிந்தவர் ஒருவர்கூட அதில் இருக்க மாட்டார். போலீஸ், கோர்ட் என்ற பயமும் இருக்கும். உதவ முன்வருபவர் மீது வழக்குப் பாயாது என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு சொல்கிறது. அதை எந்தப் பள்ளியில் கற்பிக்கிறோம்? 108 வந்து சேர்வதற்குள் ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்தால், அவனுக்கே நான் முதல் சல்யூட் வைப்பேன். முதலுதவி, நீச்சல், தீயணைப்புக் கருவியைக் கையாளுதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள், என் இரண்டு கைகளையும் தூக்கி ஆதரிக்கிறேன். இவற்றைக் கற்க யாருடைய மனசாட்சியும் தடுக்காது.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். பதினெட்டு நிரம்பினால் இரத்த தானம் செய்யலாம். படிவம் 6 நிரப்பி வாக்காளர் பட்டியலில் சேரலாம். மே 1, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராம சபையில் போய் உட்கார்ந்து, ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு கேள்வி அனுப்பலாம். கேள்வி கேட்பவனைத் தேசவிரோதி என்று ஏசும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. தன் ஊர்ப் பாலம் ஏன் ஆறே மாதத்தில் விரிசல் கண்டது என்று கேட்கும் மாணவி, பொதுச்சொத்தைக் காக்கும் கடமையை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறாள்.

கட்டாயம் வேண்டும் என்று குரல் கொடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தேசிய மாணவர் படையின் அனுமதிக்கப்பட்ட பலம் சுமார் 17 லட்சம் பேராக இருந்தது. அதை 20 லட்சமாக்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஆனால் தங்களுக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஏராளம். அந்த வரிசை நீண்டதால்தான், செலவை நிறுவனமே ஏற்கும் சுயநிதித் திட்டம் கொண்டுவரப்பட்டது. வசதியுள்ள தனியார் பள்ளி பணம் கட்டிப் பிரிவைப் பெற்றுவிடும். சீருடை மீது ஏக்கத்தோடு நிற்கும் அரசுப் பள்ளி மாணவன் எங்கே போவான்? உங்கள் குரலை அவனுக்காக உயர்த்துங்கள். எந்த மாவட்டத்தில் எத்தனை அரசுப் பள்ளிகள் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கின்றன என்ற பட்டியலை அரசு வெளியிடட்டும், அந்தப் பள்ளிகளுக்கான செலவை அரசே ஏற்கட்டும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்டு மனு கொடுக்க நான் தயார். கையெழுத்திட வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.